புதுப்பிப்பு: பந்தய விமானத்துக்குப் பெயின்ட் அடித்தாயிற்று

எடை குறைந்த பால்சா மரத்தில் கட்டிவரும் ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தய விமானத்துக்குப் பிளாஸ்டிக் படலம் ஒட்டுவதா, பெயின்ட் அடிப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பெயின்ட்தான் என்று முடிவு செய்து, வேலையும் முடிந்துவிட்டது.

முதலில் சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணியை எபாக்சி பிசினால் ஒட்டினேன். துணியின் நெசவு மட்டும் ஈரமாகத் தெரியும் அளவுக்குப் பிசினை அட்டையால் வழித்தெடுத்துவிட வேண்டும். தேங்கி நின்றால் அத்தனையும் வீண் எடை. அதன் மேல் அடித்த பிரைமரையும் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அப்படியே விடவில்லை. 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தபோது பெரும்பகுதி பாலாகக் கரைந்து ஓடியது. பள்ளங்களில் தங்கியது போதும்.

வால் பகுதியில்தான் உயிரே இருக்கிறது. அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் சமநிலைக்காக மூக்கில் பல கிராம் ஈயம் வைக்க நேரிடும். அதனால் வாலுக்கு மெல்லிய ஒரே பூச்சு. இறக்கையின் மேற்புறம் மஞ்சள், அடிப்புறம் கறுப்பு: பந்தயப் பாதையின் கம்பத்தைச் சுற்றிச் சாயும்போது எந்தப் பக்கம் தெரிகிறது என்பதில் ஐயம் வரவே கூடாது.

பாட்டரியைச் சற்று முன்னே நகர்த்தியதிலேயே ஈர்ப்பு மையம் வரைபடத்தில் குறித்த இடத்துக்கு வந்துவிட்டது, ஈயம் தேவைப்படவில்லை. எவ்வளவு மகிழ்ச்சி! அடுத்து ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) கீல்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மாற்றிவிடுவேன்.