மன்னார்க் காற்றாலைகளும் ஒக்டோபர் மாதமும்

வெள்ளவத்தைவாசி:
“மன்னாரில் காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டெம்பர் வரை, வலசைப் பறவைகள் வருவதோ ஒக்டோபரில். ஆகவே காற்றாலையால் சூழலுக்கு ஒரு கேடும் இல்லை” என்று கணக்கன் நேற்று எழுதியிருந்தார். நாட்காட்டியைப் புரட்டியே ஒரு தீவின் சூழலைத் தீர்த்துவைத்த பேரறிவை மெச்சுகிறேன். ஒக்டோபர் பிறந்ததும் சுழலிகள் விடுமுறையில் போய்விடுகின்றனவா, ஐயா?

கணக்கன்:
போய்விடுகின்றன என்று நான் எங்கும் எழுதவில்லை. குறைவாகச் சுழல்கின்றன என்பதே என் வாதம். 2020 டிசெம்பரில் மன்னாரில் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைப் பண்ணையின் 30 சுழலிகளும் சேர்ந்து 103.5 மெகாவாட் திறன் கொண்டவை. பறவைக் கூட்டம் நெருங்கினால் ராடார் கொண்டு அறிந்து சுழலிகளை நிறுத்தும் ஏற்பாடும் அங்கே உண்டு. நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? ஓர் அலகு மின்சாரத்துக்கு, கட்டுவது முதல் கழிப்பது வரை கணக்கிட்டால், நிலக்கரி ஏறக்குறைய 820 கிராம் கரியமிலவாயுவுக்குப் பொறுப்பாகிறது. காற்றாலையோ பன்னிரண்டு கிராமையும் எட்டுவதில்லை. 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவியபோது கொழும்பு வெள்ளவத்தையில் எவரும் பறவைகளைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

பேசாலையான்:
கொழும்புக் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தாலும் நான் பிறந்தது மன்னார்த் தீவில் என்பதால் இதை எழுதுகிறேன். ஒக்டோபர், ஒக்டோபர் என்று இருவரும் ஓதுகிறீர்கள். இராமர் அணை மணற்றிட்டுகளில் ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் குஞ்சு பொரிப்பது, கணக்கன் ஐயா பறவையே இல்லை என்று சொல்லும், காற்று பலமாக வீசும் அதே தென்மேற்குப் பருவத்தில்தான். பூநாரை போன்ற பெரிய பறவைகளுக்குச் சுழலியைப் போலவே, மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பியும் எமன். மன்னாரை அடுத்த வங்காலைச் சரணாலயம் 2010இலேயே, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவற்றோடு, சுழலிகளுக்காக மேடாக்கிப் போட்ட பாதைகள் மழைநீரின் வழியை மறிக்கின்றன என்று எங்கள் சனம் முறையிடுவதை எந்த ராடார் கேட்கும்?

கணக்கன்:
பறவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வலசைப் பறவை என்றுதான் சொன்னேன், மீண்டும் வாசியுங்கள். வெள்ளத்துக்குக் காரணம் வடிகால். பாதையின் கீழே மதகு வைக்காதவரைக் கேளுங்கள், காற்றை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? நோர்வேயின் ஸ்மூலாத் தீவில் சுழலியின் மூன்று இறகுகளில் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசிப் பார்த்ததில், பறவைச் சாவு எழுபது வீதமளவில் குறைந்ததென்று 2020இல் ஆய்வு வெளிவந்தது. தீர்வு தேடுவோர் வாளியும் தூரிகையும் எடுக்கிறார்கள், நம்மவர் பதாகை எடுக்கிறார்கள்.

வெள்ளவத்தைவாசி:
அந்த ஆய்வில் வண்ணம் பூசப்பட்டவை நான்கே நான்கு சுழலிகள் என்பதைக் கணக்கன் என்று பெயர் வைத்துக்கொண்டவர் எண்ண மறந்தது விந்தைதான். போன வருடம் குப்பை எரிஉலை விவாதத்திலும் பாதிக் கணக்கைத்தான் காட்டினீர்கள்.

கணக்கன்:
எரிஉலையை இங்கே இழுப்பது, உங்களிடம் ஒக்டோபருக்கு விடை இல்லை என்பதற்குச் சான்று. நான்கு சுழலியானாலும் அது அளந்து பார்த்த முடிவு. உங்களுடையது குளிரூட்டியின் கீழே அமர்ந்து விட்ட பெருமூச்சு.

பேசாலையான்:
அந்தக் குளிரூட்டிக்கான மின்சாரம் கொழும்புக்கு, சுழலியின் அடிவாரம் எங்களுக்கு. இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் மன்னார்க் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியபோது, முதலீடு போயிற்றே என்று இதே கணக்கன் ஐயா புலம்பினார். தீவில் எவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டாரா?

கணக்கன்:
நான் புலம்பியது விலையைப் பற்றி. அது வேறு விவாதம். கேட்ட கேள்விக்கு வாருங்கள்: வலசைப் பறவைகள் ஒக்டோபரில் வருகின்றனவா, இல்லையா?

வெள்ளவத்தைவாசி:
வருகின்றன. சுழலிகள் அப்போது நிற்கின்றனவா, இல்லையா?

கணக்கன்:
குறைவாகச் சுழல்கின்றன என்று மறுபடியும் எழுதுகிறேன்.