நலமாக இருக்கும்போது அண்ணன் மாத்திரையை நிறுத்திவிடுவது ஏன்?

கேள்வி:
என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை சாப்பிடும் காலத்தில், அவர் காதில் மட்டும் கேட்கும் குரல்கள் அடங்கி, வேலைக்கும் போய் வருகிறார். சில மாதங்கள் கழித்து எங்களுக்குத் தெரியாமல் நிறுத்திவிடுகிறார். இது மூன்றாம் முறை. சென்ற வாரம் தலையணை உறைக்குள் 17 மாத்திரைகளைக் கண்டெடுத்தேன். நிறுத்திய உடனே ஒன்றும் ஆவதில்லை என்பதால், அவர் சொல்வதுதான் சரியோ என்று நாங்களும் ஏமாந்துபோகிறோம். இரண்டு மூன்று மாதங்களில் உறக்கம் கெட்டு, யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்லத் தொடங்குகிறார். உணவில் கலந்து கொடுத்துவிடலாம் என்கிறார் அம்மா. நலம் தரும் மருந்தை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நான் 12 ஆண்டுகளாக இந்நோயுடன் வாழ்பவன். நான்கு முறை மருந்தை நிறுத்தியிருக்கிறேன். முதல் முறை, எனக்கு நோயே இல்லை என்று உறுதியாக நம்பினேன். நீங்கள் எதிரே நின்று பேசினால் எவ்வளவு தெளிவாகக் கேட்குமோ அவ்வளவு தெளிவாகக் கேட்ட குரலை நோய் என்று ஒருவர் சொன்னபோது, அவரும் எதிரிகளோடு சேர்ந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

மற்ற மூன்று முறையும் நோய் இருப்பதை அறிந்தே நிறுத்தினேன். ஓலான்சபின் என்ற மருந்தை எடுத்த ஓராண்டில் 18 கிலோ கூடினேன். காலையில் எழவே முடியாத அளவுக்கு மயக்கம் இருந்தது. அதைவிடக் கொடியது, வேறொரு மருந்தால் வந்த அகதீசியா: உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தாலும் அடங்காத ஒரு தவிப்பு. வீட்டார் அதை நோய் முற்றுகிறது என்று எண்ணி, மருந்தின் அளவைக் கூட்டும்படி மருத்துவரைக் கேட்டார்கள். தாம்பத்திய உறவில் வந்த குறையையோ யாரிடமும் சொல்ல நா எழவில்லை. சொல்வதைவிட நிறுத்துவது எளிதாக இருந்தது.

பதில் 2:
மனநலச் செவிலியராகப் பணிபுரிகிறேன். உங்கள் அண்ணன் விதிவிலக்கானவர் அல்லர். அமெரிக்காவில் இந்நோய் உள்ள ஏறத்தாழ 1,500 பேரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ‘கேட்டி’ (CATIE) என்ற ஆய்வில், 74 விழுக்காட்டினர் தமக்குத் தரப்பட்ட மருந்தை 18 மாதங்கள் முடியும் முன்பே விட்டிருந்தார்கள். பயன் போதாமை, பக்கவிளைவு, சொந்த விருப்பம் எனக் காரணங்கள் பலவாக இருந்தன. 'எனக்கு நோய் இல்லை' என்பது பெரும்பாலும் பிடிவாதம் அன்று. தன் நிலையைத் தானே உணரும் திறனையே இந்நோய் பாதிக்கிறது. நிறுத்தியதற்கும் நோய் திரும்புவதற்கும் இடையே வாரங்களோ மாதங்களோ கடந்துவிடுவதால், இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதும் அவருக்குக் கடினம்.

உணவில் கலக்க வேண்டாம் என்று அம்மாவிடம் மன்றாடிச் சொல்லுங்கள். தன்னைச் சுற்றிச் சதி நடக்கிறது என்று அஞ்சும் ஒருவர் அதைக் கண்டுபிடித்தால், அந்த அச்சத்துக்கு வீட்டிலேயே சான்று கிடைத்துவிடும். அவர் எடுப்பது க்ளோசபின் என்ற மருந்தாக இருந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அம்மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போன பின் பழைய அளவில் தொடங்கக் கூடாது, மருத்துவரின் கண்காணிப்பில் மிகக் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். அகதீசியாவுக்கு அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, புரோப்ரனலால் என்ற மருந்தைச் சேர்ப்பது என்று வழிகள் உண்டு. நாள்தோறும் விழுங்குவதே அவருக்குச் சுமை என்றால், மாதம் ஒருமுறை போடும் நீண்டகால ஊசியைப் பற்றி அவரையும் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் பேசுங்கள்.

கேட்டவர்:
'சாப்பிட்டாயா' என்று மட்டுமே இத்தனை ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறோம். நேற்றிரவு, 'அதைச் சாப்பிட்டால் உனக்கு என்ன செய்கிறது அண்ணா?' என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், பிறகு, வேலையிடத்தில் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியவில்லை என்றார். அவர் இரவில் கூடத்தில் நடப்பதை நோய் என்றே நாங்கள் மருத்துவரிடம் சொல்லி வந்தோம். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை அண்ணன் தன் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்.