அபோஃபிஸ் சிறுகோள்: விட்டம், தற்சுழற்சி, 2029க்குப் பிந்தைய பாதை மூன்றும் இடிக்கிறது

கேள்வி: விண்கணக்கன்

அபோஃபிஸ் (99942) பற்றி ஒரு தரவுத்தாள் தயாரிக்கிறேன். மூன்று இடங்களில் கணக்கு இடிக்கிறது.

தனிப்பொலிவெண் (குறிப்பிட்ட நிலையான தொலைவில் வைத்தால் தெரியும் பொலிவு) 19.1, எதிரொளிதிறன் (விழும் ஒளியில் திருப்பி அனுப்பும் பங்கு) 0.14 என்று போட்டால் விட்டம் 538 மீட்டர் வருகிறது. வெளியான ஆய்வுகளில் 340 மீட்டர் என்று இருக்கிறது. தற்சுழற்சிக் காலம் ஓரிடத்தில் 30.6 மணி, இன்னோரிடத்தில் 27.4 மணி, 263 மணி என இரண்டு எண்கள். எதைப் போடுவது?

கடைசியாக, பாதை. கோள்களின் ஈர்ப்பைச் சேர்த்து, ஒரு நாள் இடைவெளியில் நிரல் எழுதி ஓட்டுகிறேன். 2029 ஏப்ரல் தொடக்கம் வரை சரியாகப் போகிறது. 13ஆம் தேதி பூமியை ஒட்டிக் கடக்கும் நெருக்கத்துக்குப் பிறகு அரைப் பேரச்சு (நீள்வட்டப் பாதையின் நீள அச்சில் பாதி) எங்கோ போய்விடுகிறது.

பதில்: ஒளிமானி

விட்டத்தில் சூத்திரம் சரி, போட்ட எதிரொளிதிறன்தான் பொருந்தவில்லை. விட்டம் (கி.மீ.) = 1329 ÷ √எதிரொளிதிறன் × 10இன் அடுக்கு (−தனிப்பொலிவெண் ÷ 5). 0.14 என்பது எதுவும் தெரியாத சிறுகோளுக்குப் பொதுவாக வைக்கும் எண். அபோஃபிஸ் சிலிக்கேட் பாறை வகை, வெளிச்சமான மேற்பரப்பு. 2012-13 ராடார் அளவீடுகளிலிருந்து கிடைத்தது 0.35, அதைப் போட்டால் 340 மீட்டர் வந்துவிடும். வெப்ப அகச்சிவப்பு அளவீட்டை வைத்து 2014இல் சொன்னது 375 மீட்டர், எதிரொளிதிறன் 0.30. இரண்டும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகின்றன.

தனிப்பொலிவெண்ணிலேயே 0.19 அளவுக்குப் பிழை உண்டு. அது மட்டுமே விட்டத்தை 9 சதவீதம் நகர்த்தும். ஆகவே "340 ± 40" என்று எழுதுங்கள். 340 என்பது அதே கனஅளவுள்ள கோளத்தின் விட்டம். உண்மையில் கல் நீளமானது: நீளவாக்கில் குறைந்தது 450 மீட்டர், குறுக்கே சுமார் 170.

நிறைக்கு நேரடி அளவீடு இல்லை. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 கிராம் என்று வைத்தால் 4 முதல் 6 கோடி டன். 538 மீட்டரை வைத்து நிறை கணக்கிட்டால் நான்கு மடங்கு கூடிவிடும், விட்டத்தின் கனம் அல்லவா.

தற்சுழற்சிக்கு மூன்று எண்களுமே சரி. இது தள்ளாடிச் சுழலும் கல். உடலின் அச்சு ஒரு நிலையான திசையைச் சுற்றி 27.38 மணிக்கு ஒருமுறை கூம்பாக வட்டமிடுகிறது. அந்த அச்சைப் பற்றியே உடல் எதிர்த்திசையில் 263 மணிக்கு ஒருமுறை உருள்கிறது. 1/27.38இலிருந்து 1/263ஐக் கழித்துத் தலைகீழாக்குங்கள்: 30.56. ஒளி வளைவில் (நேரத்தோடு பொலிவு மாறும் வரைபடம்) ஓங்கித் தெரியும் காலம் அதுதான். நீங்களே ஒளியளவு எடுப்பதாக இருந்தால், எல்லா இரவுகளின் ஒப்பீட்டு விண்மீன்களையும் ஒரே அட்டவணைக்குச் சரிப்படுத்துங்கள். ஓர் இரவில் வளைவின் சிறு துண்டுதான் கிடைக்கும், துண்டுகளுக்கிடையே 0.1 பொலிவெண் அளவுக்கு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் பொய்யான காலம் ஒன்று முளைக்கும்.

பதில்: பாதைநிரல்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முதல் காரணம் அந்த ஒரு நாள் இடைவெளி. நெருக்கத்தின்போது பூமியைச் சார்ந்த வேகம் நொடிக்கு சுமார் 7.4 கி.மீ. ஒரு நாளில் 5 லட்சம் கி.மீ.க்கு மேல் கடந்துவிடும். நெருங்கும் தூரமோ பூமியின் மையத்திலிருந்து வெறும் 38,000 கி.மீ. உங்கள் நிரல் அந்த வளைவைப் பார்க்காமலே தாண்டிக் குதிக்கிறது. பிழையைப் பார்த்துத் தானே இடைவெளியைச் சுருக்கும் முறைக்கு மாறுங்கள். நெருக்கத்தில் சில நிமிடங்கள், தேவைப்பட்டால் அதற்கும் கீழே இறங்கட்டும்.

அதோடு இரண்டு பொறிகள். கோள் அட்டவணையில் "பூமி" என்று எடுப்பது பூமி-நிலா பொதுநிறைமையமா என்று பாருங்கள். அது பூமியின் மையத்திலிருந்து சராசரி 4,670 கி.மீ. தள்ளி இருக்கிறது, 38,000இல் அது பெரும் பிழை. பூமி, நிலா இரண்டையும் தனித்தனிப் பொருளாகவே சேருங்கள். அடுத்து நேரம்: உறுப்புகள் (பாதையை விவரிக்கும் எண்கள்) இயக்கவியல் நேரத்தில் (வானியல் கணக்குக்கான சீரான நேரம்) தரப்படும், நம் கடிகாரத்தின் உலக நேரத்தோடு 69 நொடி வேறுபாடு. அதைக் குழப்பினால் 500 கி.மீ. போச்சு.

சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. பூமியைச் சார்ந்து வெகுதூரத்தில் வரும் வேகமும் போகும் வேகமும் ஏறத்தாழ சமமாக, நொடிக்கு 5.8 கி.மீ. இருக்க வேண்டும், திசை மட்டும் 27, 28 பாகை வளைய வேண்டும். மிக அருகே வரும் நேரம் உலக நேரம் 21:46. இவை சரியாக வந்தால் அரைப் பேரச்சு தானாக 0.92இலிருந்து சுமார் 1.10 வானியல் அலகுக்கு (பூமி-சூரியன் சராசரித் தொலைவு ஓர் அலகு) ஏறும், சுற்றுக்காலம் 323.6 நாளிலிருந்து ஏறத்தாழ 14 மாதம் ஆகும். அதாவது ஏட்டன் வகையிலிருந்து (அரைப் பேரச்சு ஓர் அலகுக்குக் கீழே) அப்போலோ வகைக்கு (ஓர் அலகுக்கு மேலே) மாறுகிறது. தரவுத்தாளில் "2029க்கு முன்", "பின்" என்று இரு வரிசை வையுங்கள்.

விண்கணக்கன்

இடைவெளியை மாற்றியதும் வளைவு 27 பாகை வந்துவிட்டது, நன்றி. யார்கோவ்ஸ்கி விளைவையும் (சூடான மேற்பரப்பு வெப்பத்தை வெளிவிடுவதால் கிடைக்கும் மெல்லிய உந்தல்) சேர்க்கணுமா?

பாதைநிரல்

எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரைப் பேரச்சு ஆண்டுக்கு 199 மீட்டர் சுருங்குகிறது. கேட்க அற்பம்தான், ஆனால் பாதைவழி இடமாற்றம் காலத்தின் வர்க்கமாகக் கூடும்: ஒரு ஆண்டில் 1 கி.மீ., 10 ஆண்டில் 100 கி.மீ., கண்டுபிடித்த 2004இலிருந்து 2029 வரை 660 கி.மீ. அண்மைத் தேதியின் உறுப்புகளோடு தொடங்கி 2029 வரை மட்டும் பார்த்தால் விட்டுவிடலாம். அதற்கு அப்பால் போனால் கட்டாயம், ஏனெனில் நெருக்கத்துக்கு முன் உள்ள சில கி.மீ. பிழை பின்னால் பலமடங்கு பெருகும். சேர்ப்பது சுலபம்: பாதைவழித் திசையில் −2.9 × 10⁻¹⁴ வானியல் அலகு/நாள்² முடுக்கம், அதைச் சூரியத் தொலைவின் வர்க்கத்தால் வகுங்கள். எதிர்க்குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் கல் எதிர்ப்பக்கம் நகரும், பிழை இரட்டிப்பாகும்.