கண்ணீர் வழிந்தும் உலர்ந்த கண்: சர்க்கரை நோயுடன் வாழ்பவர்களின் அனுபவங்கள்

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு கண்களிலிருந்தும் நீர் வழியத் தொடங்கியது. படிக்க உட்கார்ந்தால் சற்று நேரத்திலேயே கைக்குட்டை தேவைப்படும். காற்று முகத்தில் பட்டால் அழுதவன் போலாகிவிடுவேன். நானாகவே சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டேன். போட்டவுடன் வெளுத்த கண், மருந்தின் வேகம் குறைந்ததும் முன்னிலும் அதிகமாகச் சிவந்தது. இறுதியில் கண் மருத்துவரிடம் சென்றபோது அவர், “உங்கள் கண் உலர்ந்திருக்கிறது” என்றார். வழிகிற கண்ணைப் பார்த்துக்கொண்டே இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் வைத்திருந்து செய்யும் ஷிர்மர் சோதனையில் என் பட்டை தாராளமாகவே நனைந்தது. நான் சொன்னதே சரி என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைக் கண்ணில் இட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி விளக்கொளியில் பார்த்தார். 10 நொடிகளாவது கலையாமல் நிற்க வேண்டிய கண்ணீர்ப் படலம் எனக்கு 4 நொடிகளில் கலைந்துவிட்டது. கண்ணீர் என்பது வெறும் நீரன்று. அடியில் கோழை போன்ற வழவழப்பும், இடையில் நீரும், மேலே அந்நீர் ஆவியாகாமல் காக்கும் மெல்லிய எண்ணெயும் சேர்ந்ததே அப்படலம் என்று விளக்கினார். எண்ணெயைச் சுரக்கும் இமைச் சுரப்பிகள் என் கண்ணில் அடைபட்டிருந்தன. படலம் கலைந்து உறுத்தும்போதெல்லாம் கண் அவசரமாக வெறும் நீரைக் கொட்டுகிறது; அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் இறங்கிவிடுகிறது. நீண்ட நாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை, சுரப்பிகளையும் அவற்றுக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் பாதிப்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைகள்மீது 10 நிமிடம் வைத்து, ஆறும்போதெல்லாம் மீண்டும் நனைத்து, அதன்பின் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல நீவிவிடுவதை நாள்தோறும் இருமுறை செய்தேன். பதனப்பொருள் சேராத செயற்கைக் கண்ணீரையும் போட்டுக்கொண்டேன். ஆறாவது வாரத்தில்தான் வேறுபாடு தெரிந்தது. அதற்குமுன் பார்வை மங்குகிறதென்று இரண்டு முறை கண்ணாடி மாற்றியது வீண்செலவு என்பதையும் சொல்ல வேண்டும். இமைத்தால் தெளிகிற மங்கல் பெரும்பாலும் உலர்வினால் வருவது. சர்க்கரை ஏறி இறங்கும்போது விழிவில்லை உப்பி வருகிற மங்கல் இமைத்தாலும் தெளியாது. இந்த வேறுபாட்டை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. மற்றவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.

* * *

ஐயா, உங்களுக்கு நீர் வழிந்தது. எனக்கோ கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல். நான் உண்ணும் மருந்துகளைக் கண் மருத்துவர் கேட்டபோது, சர்க்கரை மாத்திரைகளின் பெயர்களை மட்டுமே சொன்னேன். “வேறு எதுவும் இல்லையா?” என்று அவர் மறுபடியும் கேட்ட பிறகுதான், கால் எரிச்சலுக்காக இரவில் உண்ணும் அமிட்ரிப்டிலின் மாத்திரை நினைவுக்கு வந்தது. நரம்பு வலியைத் தணிக்கும் அந்த மருந்து வாயையும் கண்ணையும் ஒருசேர உலர்த்தக்கூடியது என்றார். வாய் உலர்வதைச் சர்க்கரையின் கணக்கிலேயே இத்தனை நாளும் எழுதிவந்திருக்கிறேன்! ஒவ்வாமைக்கு உண்ணும் மாத்திரைகள் சிலவும் இதே வேலையைச் செய்யுமாம். நானாக எதையும் நிறுத்தவில்லை. சர்க்கரை மருத்துவரே வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுத்தார். உறுத்தல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குச் சொட்டு மருந்து தொடர்கிறது.

* * *

எனக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை. அதுவே என் தவறாகிப் போனது. 11 வயது முதல் முதல்வகை நீரிழிவு உள்ள நான் பல ஆண்டுகள் காண்டாக்ட் லென்ஸ் அணிந்தேன். ஒருநாள் காலையில் கண்ணாடி முன் நின்றபோது வலக்கண் சிவந்திருப்பதைக் கண்டேனே தவிர, வலி சிறிதும் இல்லை. மருத்துவர் பஞ்சின் நுனியை இழையாகத் திரித்துக் கருவிழியைத் தொட்டார். தொட்டதே எனக்குத் தெரியவில்லை. ஷிர்மர் சோதனையில் பட்டை 4 மில்லிமீட்டர்தான் நனைந்தது. கருவிழியில் ஒரு புண்ணும் இருந்தது.

உடலிலேயே நரம்புகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களுள் கருவிழியும் ஒன்று. கண் உலர்கிறது என்ற செய்தியைக் கண்ணீர்ச் சுரப்பிக்குக் கொண்டுசெல்வதும், இமைக்கத் தூண்டுவதும் அந்த நரம்புகளே. கால் விரல்களை மரத்துப்போகச் செய்கிற அதே நரம்புச் சிதைவு அங்கும் நேர்ந்தால், உலர்வு கூடும். ஆனால் உலர்வதை உணரும் திறன் குறையும். அந்தப் புண் ஆற எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. இப்போது லென்ஸ் அணிவதில்லை. கண்ணீர் வடிந்து செல்லும் கீழ் இமைத் துளைகளில் சிறு அடைப்பான் வைத்திருக்கிறார்கள். கண் கேட்கும்போது சொட்டு மருந்து போடலாம் என்று காத்திருக்க எனக்கு வழியில்லை. என் கண் கேட்காது. ஆகவே கைப்பேசி அலாரம் அடிக்கும்போது போட்டுக்கொள்கிறேன்.

* * *

ஒத்தடம் பற்றி ஓர் எச்சரிக்கை. என் தந்தைக்கு விரல்களில் உணர்ச்சி குறைவு. துணியின் சூட்டை அவரே தொட்டுப் பார்த்து, மிதமாக இருப்பதாகச் சொல்லி வைத்துக்கொண்டதில் இமைத்தோல் வெந்துவிட்டது. அதன்பிறகு சூட்டைப் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. மீன் எண்ணெய் மாத்திரையையும் பலர் பரிந்துரைத்தார்கள். 2018-இல் வெளியான ட்ரீம் (DREAM) என்ற ஆய்வில், ஓராண்டு அதனை உண்டவர்களின் கண் உலர்வு, ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய் உண்டவர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை என்பதைப் படித்தபின் நாங்கள் அதை வாங்கவில்லை.

* * *

அனைவருக்கும் நன்றி. சர்க்கரையைக் கட்டுப்படுத்தியதும் கண் சரியாகிவிட்டதா என்று ஒருவர் தனியே கேட்டிருந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.4 விழுக்காட்டிலிருந்து 7.2-க்கு இறங்கியபின் கண்ணாடியின் பவர் மாறாமல் நிற்கிறது; ஒத்தடத்தை ஒரு வாரம் விட்டால் நீர் வழிவது மட்டும் திரும்பிவிடுகிறது. உலர்வுக்கு மருத்துவம் பார்ப்பதால் விழித்திரையையும் பார்த்துவிட்டதாக நான் எண்ணியிருந்ததும் தவறு. கண் பாப்பாவை மருந்திட்டு விரிய வைத்துச் செய்யும் அந்தச் சோதனை வேறு. உலர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அதைச் செய்துகொள்ள வேண்டும். எனக்கு அது அடுத்த மாதம் வருகிறது. லென்ஸ் அணிந்த நண்பர் எழுதியதைப் படித்தபின், அன்றைக்கே அந்தப் பஞ்சிழைச் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்வதாக இருக்கிறேன். என் கால் விரல்கள் மரத்துப்போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன.