மறு: ஐசோகுரோன் – தமிழில் என்ன?

குழுமத்தாருக்கு வணக்கம்.
விண்மீன் பிறக்கும் பகுதிகள் பற்றிய அத்தியாயம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஐசோகுரோன் மட்டும் நிற்கிறது. ஒரே காலத்தில் பிறந்து, நிறையில் வேறுபடும் விண்மீன்கள் நிற-ஒளிர்வு வரைபடத்தில் விழும் கோடு அது. இப்போதைக்குச் "சமவயதுக் கோடு". மறுப்பு உண்டா?
– ந.

உண்டு. சமமும் வடமொழி, வயதும் வடமொழி. அகவை இருக்க வயது எதற்கு? ஓர் + அகவை = ஓரகவை. கோட்டுக்கு வரை. "ஓரகவை வரை" என்க.
– இரா.

ஐயா, "வரை" என்றால் மாணவர் "எதுவரை?" என்பார். மலைக்கும் மூங்கிலுக்கும் அதே சொல்தான். அகவை என்றதும் எனக்கு மயில்தான் அகவுகிறது.

என் சிக்கல் வேறு. சமவெப்பக் கோடு, சமஅழுத்தக் கோடு எல்லாம் நிலப்படத்தில் இருப்பவை. அந்த வரிசையில் சமவயதுக் கோடு வந்தால், வானப்படத்தில் ஒரே வயதுள்ள இடங்களை இணைப்பது என்றே கொள்வார்கள். அதே அத்தியாயத்தில் விருச்சிகப் பகுதியின் வயதுப்படமும் இருக்கிறதே! அதைச் செய்யும் வழி வேறு: முதலில், கையா விண்கலம் அளந்த இடமாறு தோற்றத்திலிருந்து (பூமி சூரியனைச் சுற்றுவதால் மீன் இடம்பெயர்வதாகத் தெரியும் அளவு) தொலைவு. 140 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) என்றால், மீனின் உண்மைப் பொலிவை அறிய, நமக்குத் தெரியும் தோற்றப் பொலிவெண்ணில் (எண் குறையக் குறைய ஒளி கூடும்) 5.73 கழிக்க வேண்டும். தூசி மங்கவும் சிவக்கவும் வைத்ததைத் திருத்த வேண்டும். அதன் பிறகே மீன் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்து வயது. அதை வானில் அதனதன் இடத்தில் குறித்தால்தான் வயதுப்படம்.
– செ.

கோட்டில் விழுந்தாலும் வயது அதுவேதான் என்று சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க முடியாத இரட்டை மீன், இரண்டும் ஒத்தவை என்றால், 0.75 பொலிவெண் அளவு கூடுதலாக ஒளிரும். இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும் சிறு மீன் வயது ஏற ஏற மங்கும்; அதனால் கூடுதல் ஒளி அதை இளமையாக்கி, 1 கோடி ஆண்டு வயது 35 லட்சமாகக் காட்டும். மீனைச் சுற்றியுள்ள தூசி-வளிம வட்டின் விளிம்பு நம் பக்கம் இருந்தால் நேர்மாறு: மங்கி, கிழமாகத் தெரியும்.
– மு.

வயதே உறுதியில்லை என்றால் பருவம் என்போமே. பிள்ளைத்தமிழில் பத்து இருக்கின்றன. இளம் மீன்களை 0 முதல் 3 வரை வகுக்கிறார்களே, அதில் தூசி உறை போர்த்த 0 வகுப்புக்குக் காப்பு, அடுத்ததற்குச் செங்கீரை, பிறகு தால்...
– இரா.

சப்பாணிக்கு முன் நிறுத்திவிடுங்கள், ஐயா! 0 முதல் 3 வரையான வகுப்பு, உறையும் வட்டும் எந்த நிலையில் உள்ளன என்பதை அகச்சிவப்பில் பார்த்துச் சொல்வது. ஒரே வயதுக் கூட்டத்தில் வட்டு உள்ளதும் இழந்ததும் கலந்தே இருக்கும். பருவத்தை வயதாக்கினால் படமே தவறும்.

"கோடு" நிலப்படத்துக்கே இருக்கட்டும். இது வரைபடம், "சமவயது வளைவு" என்றால் குழப்பம் தீரும்.
– செ.

எனக்குச் சம்மதம்.
– மு.

அப்படியே போடுகிறேன். வயதுப்படத்தில் கோடே வேண்டாம், நிறத்தால் காட்டிவிடலாம்.
– ந.

வளைவை ஏற்கிறேன். சமவயதை ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு "ஓரகவை வளைவு" என்று ஓரத்தில் குறித்து வையுங்கள்.
– இரா.