கான்ட்ராஸ்ட் ஏஜெண்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் நெறிமுறைக் குழுவிடம் தர வேண்டும். அறுவை மருத்துவர்கள், படமெடுப்புக்கான சேர்மங்களைச் செய்யும் வேதியியலாளர்கள், நோயாளியின் இசைவு பற்றிய சட்டக் கோட்பாட்டை ஆராய்கிறவர்கள் என மூன்று துறையினர் சேர்ந்து செய்யும் ஆய்வு. அறுவைக்கு முந்தைய ஸ்கேனின்போது, உறுப்புகள் படத்தில் வேறுபட்டுத் தெரிவதற்காக ரத்தக்குழாயில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் ஏஜெண்ட்தான் படிவம் முழுக்க வருகிறது. பழைய வரைவில் அதை 'மாறுபாட்டு முகவர்' என்று போட்டிருக்கிறார்கள். அதே படிவத்தில், நோயாளிக்குப் பதிலாகக் கையெழுத்திட உரிமை பெற்றவரும் 'முகவர்'தான்! வார்டில் எல்லாரும் 'டை' என்கிறார்கள். சாயம் என்று போட்டுவிடலாமா?

– ம.

---

> சாயம் என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் அம்மா. ஊசி போடுமுன் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: "டாக்டர், சாயம் ரத்தத்துலயே தங்கிடுமா? சிறுநீர் கலர் மாறுமா?" சி.டி.க்கு நாங்கள் ஏற்றும் அயோடின் மருந்து தண்ணீர் போலத் தெளிந்தது, நிறமே கிடையாது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு நாளுக்குள் பெரும்பகுதி வெளியே போய்விடும். சாயம் என்ற சொல்தான் அந்தப் பயத்தைக் கிளப்புகிறது.

அதைவிட முக்கியம், அறுவை அரங்கில் உண்மையான சாயங்கள் உண்டு. நிணநீர் முடிச்சைத் தேட மெத்திலீன் நீலம். தைத்த குடலில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க இண்டோசயனின் பச்சை. அந்தச் சொல்லை அவற்றுக்கு விட்டுவையுங்கள்.

– செ. (கதிரியல்)

---

'துலக்கி' எப்படி? துலங்கச் செய்வது துலக்கி. நான்கே எழுத்து, நல்ல தமிழ், யாருக்கும் புரியும்.

– ர.

---

ர. தம்பி, புரிவதுதான் சிக்கல். பல் துலக்குகிறோம், பாத்திரம் துலக்குகிறோம். 'உங்கள் ரத்தக்குழாயில் துலக்கி செலுத்தப்படும்' என்று எழுதினால், குழாயில் இருக்கும் அடைப்பைத் தேய்த்து எடுக்கும் மருந்து என்று நினைத்துக்கொள்வார்கள். இதயநோயாளி அப்படித்தான் நினைப்பார்.

– ம.

---

துலங்கு, துலக்கு, விளங்கு, விளக்கு. அழுக்குப் போனால் பொருள் ஒளிரும் என்பதால், ஒளிரச் செய்தலும் தேய்த்தலும் நம் மொழியில் ஒரே வினையாயின. இருட்டில் ஏற்றும் விளக்கும் கூட்டும் விளக்குமாறும் ஒரே வேரில் பிறந்தவை. எனவே 'விளக்கி' என்று மாற்றினாலும் அம்மா சொல்லும் தடை அப்படியே நிற்கும்.

– புலவர் தி.

---

துலக்கி வேதியியலிலும் நிற்காது. அது எப்போதும் பளிச்சென்று ஆக்குவதில்லை.

அயோடினின் அணு எண் 53, பேரியம் 56. எலக்ட்ரான்கள் மிகுந்த கன அணுக்கள் என்பதால் எக்ஸ் கதிரை நன்றாக உறிஞ்சும். படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் குடலுக்குள் காற்றையோ கரியமில வாயுவையோ செலுத்தினால் அது கறுப்பாகத் தெரியும். அதுவும் கான்ட்ராஸ்ட்தான். எம்.ஆர்.ஐ.யில் கதையே வேறு. கடோலினியத்தில் (அணு எண் 64) இணை சேராத எலக்ட்ரான்கள் 7. கருவி பார்ப்பது கடோலினியத்தை அல்ல, பக்கத்தில் இருக்கும் நீரின் ஹைட்ரஜனை. கருவி கலைத்துவிட்ட அந்த ஹைட்ரஜன் பழைய நிலைக்கு விரைவாகத் திரும்பும்படி கடோலினியம் செய்கிறது, அவ்விடம் பளிச்சிடுகிறது. இரும்பு ஆக்சைடு நுண்துகளைக் கொடுத்தால் பெரும்பாலும் அவ்விடம் கறுக்கிறது.

ஆகவே ஒளியை விட்டுவிடுங்கள். அருகருகே இருக்கும் இரண்டு திசுக்களுக்கு இடையே வேறுபாட்டைக் கூட்டுவது மட்டுமே இவை எல்லாவற்றுக்கும் பொது. சொல் அதைச் சொல்ல வேண்டும்.

– வே.

---

வே. அம்மையார் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஐயமே இல்லை. 'உறழ்' இருக்கும்போது ஏன் தேடுகிறோம்?

தொல்காப்பியம் கலிப்பாவின் வகைகளில் உறழ்கலியைச் சொல்கிறது: ஒருவர் கூற்றும் மற்றவர் மறுமொழியும் எதிரெதிர் நின்று நடப்பது. சொற்புணர்ச்சியில் ஒரே இடத்தில் இரண்டு வடிவமும் வரலாம் என்றால் 'உறழும்' என்பர். கணக்கில் பெருக்கலுக்கும் உறழ்தல் என்ற பெயர் உண்டு. எல்லாவற்றிலும் இரண்டு பொருள் அருகருகே நிற்கின்றன, ஒன்றோடொன்று எதிர்ப்படுகின்றன. திசுவும் திசுவும் படத்தில் நிற்பது அப்படித்தானே? கான்ட்ராஸ்ட் உறழ்வு; ஏஜெண்ட் உறழ்த்தி, அல்லது உறழ்பொருள். 'முரண்' என்றும் சொல்லலாம், முரண் தொடை நாம் அறிந்ததே. ஆனால் முரணில் பகை தொனிக்கிறது. உறழ்வில் போட்டி உண்டு, பகை இல்லை.

– புலவர் தி.

---

ஐயா, மன்னிக்க வேண்டும். 'போலப் புரைய ஒப்ப உறழ' என்று நன்னூல் உவம உருபில் அல்லவா உறழ்வை வைக்கிறது? ஒத்திருப்பதைச் சொல்லும் சொல்லை எடுத்து, வேறுபாட்டுக்கு வைப்பதா?

– ர.

---

நல்ல கேள்வி, தம்பி. இரண்டையும் அருகில் நிறுத்தி அளந்த பிறகுதான் ஒக்கும் என்றோ ஒவ்வாது என்றோ சொல்ல முடியும். அந்த நிறுத்திப் பார்த்தலே உறழ்தல். உவமையும் வேற்றுமையும் அதன் இரு முடிவுகள். அணியிலக்கணத்தில் வேற்றுமையணியும் முதலில் ஒப்புமை சொல்லித்தான் பிறகு வேறுபடுத்துகிறது.

– புலவர் தி.

---

ஐயா, படிக்கப் படிக்க இன்பமாக இருக்கிறது. ஆனால் நாளைக் காலை ஸ்கேன் அறை வாசலில், ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் செவிலியர் 'உறழ்த்தி' என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? உடம்பு குப்பென்று சூடாகும், வாயில் உலோகச் சுவை வரும், சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குப் புரியவைக்க வேண்டும். சொல்லுக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

– செ.

---

> சொல்லுக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை

இதே வாதத்தை அன்று எல்லாரும் வைத்திருந்தால் நமக்குச் சிறுநீரகமும் குருதியழுத்தமும் கிடைத்திருக்காது. பழகாதவரை எந்தச் சொல்லும் புரியாது. பாடநூலில் ஏறினால் பத்தாண்டில் பழகிவிடும்.

– புலவர் தி.

---

பத்தாண்டு பாடநூலுக்குச் சரி. படிவத்தில் இன்று கையெழுத்திடுபவருக்கு அந்தப் பத்தாண்டு இல்லை. நான் சட்டப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

'இன்ஃபார்ம்டு கன்சென்ட்' (விவரம் அறிந்து தரும் இசைவு) என்ற தொடர் தீர்ப்புகளில் எங்கிருந்து வந்தது என்று நண்பர்கள் கவனித்தால், இந்தச் சொல்லுக்கும் அதற்கும் உள்ள உறவு தெரியும். 1957-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த சல்கோ வழக்கு. கால்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்த ஒருவருக்கு, அடைப்பு எங்கே என்று பார்க்க, முதுகு வழியாக ஊசி நுழைத்துப் பெருந்தமனியில் கான்ட்ராஸ்ட் ஏற்றினார்கள். கண்விழித்தபோது அவருடைய கால்கள் செயலிழந்திருந்தன. இசைவு தருவதற்குத் தேவையான உண்மைகளை மறைக்கும் மருத்துவர் தம் கடமையில் தவறுகிறார் என்றது நீதிமன்றம். அதாவது அந்தக் கோட்பாடு அறுவைக் கத்தியில் பிறக்கவில்லை, நாம் இப்போது பெயர் தேடும் இந்த ஊசியில் பிறந்தது.

பிறகு 1972-இல் அமெரிக்காவின் கேன்டர்பரி வழக்கும் 2015-இல் பிரிட்டனின் மான்ட்கமரி வழக்கும் ஒரு படி மேலே போயின: எதைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் முடிவு செய்யாது, நோயாளிக்கு எது முக்கியமாகப் படும் என்பதே அளவுகோல். இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் அந்த அளவுகோலை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் நோயறியும் சோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்கான இசைவு ஆகாது என்று தெளிவாகச் சொன்னது.

ஆகவே எனக்கு இரண்டு கவலை. ஒன்று, புரியாத சொல்லின் கீழே வாங்கிய கையெழுத்து இசைவே அல்ல. இரண்டு, டாக்டர் போகிற போக்கில் 'அயோடின் மருந்து' என்றார். மருந்து என்றால் குணமாக்கும் என்று நினைத்துச் சிலர் கையெழுத்திடுவார்கள். இது படம் எடுக்க மட்டும், நோயைத் தீர்க்காது.

– வழக்கறிஞர் கு.

---

வக்கீல் சார், அந்த இரண்டாம் கவலை தேவையில்லை என்று நினைக்கிறேன். மயக்க மருந்து எந்த நோயைத் தீர்க்கிறது? பூச்சி மருந்து, வெடிமருந்து? தமிழில் மருந்து என்றால் குணமாக்குவது மட்டுமல்ல. முன்னால் வரும் சொல் வேலையைச் சொல்லிவிடும்.

– ர.

---

மயக்க மருந்து சரி, அதைச் சிகிச்சை என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஆய்வில் பங்கெடுக்கும் நோயாளி ஏற்கனவே நம்பிக்கையோடு வருகிறவர். என் தடை பதிவாகட்டும்.

– கு.

---

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது, எனவே இப்படிச் செய்கிறேன். படிவத்தில் முதல் முறை வரும் இடத்தில்: 'ஸ்கேன் படத்தில் உறுப்புகளையும் ரத்தக்குழாய்களையும் வேறுபடுத்திக் காட்ட ஏற்றும் வேறுபாட்டு மருந்து, கான்ட்ராஸ்ட் என்பார்கள். இது நோயைக் குணப்படுத்தாது.' பிறகு எங்கும் 'வேறுபாட்டு மருந்து'. செ., வே., ர. மூவரும் தனிமடலில் சரி என்றார்கள். வக்கீல் சார் கேட்டதற்காகத்தான் கடைசி வாக்கியம். மாறுபாடு வேண்டாம், மனமாறுபாடு போல ஒலிக்கிறது. இண்டோசயனின் பச்சைக்கு மட்டும் சாயம். 'தகவலறிந்த ஒப்புதல்' எனக்குப் பிடிக்கவில்லை, 'அறிந்து தரும் இசைவு' என்று எழுதியிருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

– ம.

---

படிவத்துக்கு ஒப்புகிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு ஒப்பவில்லை. 'வேறுபாட்டு மருந்து' ஒரு விளக்கம், கலைச்சொல் அல்ல. 'எதிர்மறைக் கான்ட்ராஸ்ட்', 'இரட்டைக் கான்ட்ராஸ்ட்', 'கான்ட்ராஸ்ட் தீர்மானம்' (சிறு வேறுபாட்டையும் பிரித்துக் காட்டும் திறன்) எல்லாம் வரும்போது இது வளைந்து கொடுக்காது. எதிர் உறழ்வு, இரட்டை உறழ்வு, உறழ்வுத் தீர்மானம் என்று சொல்லிப் பாருங்கள். சொற்பட்டியலின் இரண்டாம் நிரலிலாவது உறழ்பொருளைச் சேர்க்க வேண்டுகிறேன்.

– புலவர் தி.

---

சேர்த்துவிட்டேன் ஐயா.

– ம.