புதிய நகரில் குடியேறிய கையோடு வெளிநாட்டுப் பயணங்கள்: எதை முதலில் முடிப்பது?

கேள்வி:
பணி நிமித்தம் அடுத்த மாதம் முன்பின் அறியாத ஒரு நகருக்குக் குடிபெயர்கிறேன். சேர்ந்த சில வாரங்களிலேயே ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) அடிக்கடி சென்றுவர வேண்டியிருக்கும் என்று நிறுவனம் தெரிவித்துள்ளது. வீடு பார்ப்பதை முதலில் முடிப்பதா, பயண ஆவணங்களைச் சரிசெய்வதா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஆவணங்களே முதலில். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 15 நாட்களுக்கு முன்பாவது அளித்துவிட வேண்டும். 6 மாதங்களுக்கு முன்பிருந்தே அளிக்கலாம். குறுகிய காலத் தங்கலில், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த 180 நாட்கள், தங்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி எண்ணப்படுவதால், ஆறு மாதம் கழிந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பது தவறு. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கில் சேரும் (இதைக் கவனியாமல் நான் ஒருமுறை விமானச்சீட்டை மாற்ற நேர்ந்தது). கடவுச்சீட்டு, வெளியேறும் நாளுக்குப் பின்னும் குறைந்தது 3 மாதங்கள் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும்.

மறுமொழி 2:
வீட்டுக்கு அவசரம் வேண்டாம். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கழியப்போகும் நீங்கள், நேரில் பாராமல் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதைவிட, முதல் இரு மாதங்கள் தற்காலிகத் தங்குமிடத்தில் இருந்துகொண்டு, அலுவலகத்துக்கும் விமான நிலையத்துக்கும் காலை நெரிசலில் எவ்வளவு நேரமாகிறது என்று நீங்களே அளந்து பார்ப்பது நல்லது. முகவரி மாற்றத்தை வங்கிக்கு மட்டும் உடனே தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பின்னோக்கி எண்ணும் முறையை நான் அறிந்திருக்கவில்லை. இன்றே நாட்களைக் குறிக்கத் தொடங்குகிறேன்.